மருந்தின் விலையும் நோயாளரின் பொறுப்பும்

நோயுற்ற ஒருவர் உட்கொள்ளும் மருந்தின் விலையை யார் செலுத்துவது என்னும் வினா, முதற் பார்வையில் நிதியமைச்சருக்கும் கணக்காளருக்கும் உரியதொன்றாகவே தோன்றும். ஆயின், சற்று ஊன்றி நோக்குமிடத்து அஃது ஒழுக்கவியல் சார்ந்த வினாவாகவும் இருப்பதைக் காணலாம். விலை என்பது ஒரு பொருளின் பெறுமதியைக் குறிக்கும் எண் மாத்திரமன்று. யார் அப்பொருளைப் பெறுவார், யார் பெறாது திரும்புவார் என்பதைத் தீர்மானிக்கும் கருவியும் அதுவே. புடைவை வாங்க வந்தவர் விலையைக் கேட்டுத் திரும்பிச் செல்வதில் எவரும் பெருங் குறை காண்பதில்லை. மருந்து வாங்க வந்தவர் அவ்வாறு திரும்பும்போது, அச்சமூகத்தின் நீதியுணர்வு பற்றிய ஐயம் எழுவது தவிர்க்கவியலாதது.

மருந்தின் செலவைப் பொதுப் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட நாடுகளிலேயே இவ்வினா மிகுந்த கூர்மை பெறுகின்றது. அரசாங்கமோ காப்புறுதி நிதியமோ செலவின் பெரும் பகுதியை ஏற்ற பின்னரும், எஞ்சிய ஒரு பகுதியை நோயாளரே செலுத்துதல் வேண்டும் என விதிக்கும் முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது. இதனைப் பங்குக் கட்டணம் எனலாம். மருந்து ஒன்றுக்கு இவ்வளவு என நிலையான தொகையாகவோ, விலையில் கால் பங்கு, அரைப் பங்கு என விகிதமாகவோ அஃது அறவிடப்படும். வடிவம் யாதாயினும் அதன் பின்னணியிலுள்ள கருத்து ஒன்றே: செலவின் ஒரு பகுதி தமது கையிலிருந்து போகுமாயின் நோயாளர் தேவையற்ற மருந்தை நாடார், பொதுப் பணம் மிஞ்சும் என்பதாகும். இக்கருத்து எவ்வளவுக்கு உண்மையானது, எவ்வளவுக்கு நீதியானது என்பன ஆராயற்பாலன.

பங்குக் கட்டணத்தை ஆதரிப்போரை இரக்கமற்றோர் எனத் தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. அவர்களது வாதம் இரண்டு தூண்களின் மீது நிற்கின்றது. முதலாவது பொருளியல் சார்ந்தது. மருத்துவ சேவை ஏனைய சந்தைப் பொருள்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை 1963இல் கெனெத் அரோ என்னும் பொருளியலறிஞர் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி குறித்து 1968இல் மார்க் போலி ஒரு மறுப்புரை எழுதினார். காப்புறுதி பெற்றவர் முன்னரிலும் கூடுதலாக மருத்துவத்தை நாடுவதைக் காப்புறுதித் துறையினர் ‘ஒழுக்க இடர்’ என நெடுங்காலமாக வழங்கி வந்தனர். போலியோ, அதனை ஒழுக்கக்கேடாகக் கொள்ளுதல் தவறு என்றும், விலை குறைந்த பொருளைக் கூடுதலாக வாங்குதல் பகுத்தறிவுள்ள மனிதரின் இயல்பே என்றும் வாதிட்டார். மருந்து இலவசமாயின் அதன் நுகர்வு பெருகும். அவ்வாறு பெருகிய நுகர்வின் பயன் அதற்கான செலவுக்கு ஈடாகாது போகலாம் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

இரண்டாவது தூண் நீதி சார்ந்தது. பொது நிதி வற்றாத ஊற்றன்று. இரண்டு நாளில் தானாகவே நீங்கிவிடக்கூடிய தடிமனுக்கு வழங்கப்பட்ட மருந்தின் செலவு, சிறுநீரகம் பழுதுற்ற மற்றொருவருக்குச் செலவிடப்பட்டிருக்கக்கூடிய பணமாகும். வீட்டு அலுமாரியில் உறை பிரிக்கப்படாமலே காலாவதியாகும் குளிசைகள் யாவும் எங்கோ ஒரு நோயாளருக்குக் கிடைக்காது போன குளிசைகளே. ஆகவே, பொதுப் பொருளைப் பயன்படுத்துவோர் அதன் அருமையை உணர்தல் வேண்டும் என்னும் கோரிக்கை செல்வரின் தன்னலத்திலிருந்து மாத்திரம் எழுவதன்று. ஏனைய நோயாளர் மீதான அக்கறையிலிருந்தும் எழக்கூடும். சும்மா கிடைத்ததன் அருமை தெரியாது என்னும் பொதுமக்கள் வழக்கிலும் ஓர் உண்மை உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

இவ்வாதங்களின் வலிமையை உணர்வதற்குப் பிரித்தானியாவின் வரலாறு துணைபுரியும். 1948 யூலை 5ஆந் திகதி அங்கு தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது, மருந்து உட்பட யாவும் இலவசமாகவே வழங்கப்பட்டன. அச்சேவையை உருவாக்கிய சுகாதார அமைச்சர் அனியூரின் பெவன். ஆயினும், மறு ஆண்டிலேயே மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் அறவிடும் அதிகாரத்தை வழங்கும் சட்டம் தொழிற் கட்சி அரசாங்கத்தினாலேயே நிறைவேற்றப்பட்டது. 1951இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்க அவ்வரசாங்கம் முற்பட்டபோது பெவன் பதவி துறந்தார். அவருடன் ஹரோல்ட் வில்சனும் ஜோன் பிரீமனும் விலகினர். 1952இல் கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு சிலிங் என்ற கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பிரதமரான வில்சன் 1965இல் அக்கட்டணத்தை நீக்கினார். ஆனால் பவுணின் நாணயப் பெறுமதி இறக்கப்பட்ட நெருக்கடியைத் தொடர்ந்து 1968இல் அதே வில்சனின் அரசாங்கமே மருந்து ஒன்றுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் என அதனை மீண்டும் விதிக்க நேர்ந்தது. கொள்கைக்காகப் பதவி துறந்தவரையே அக்கொள்கையைக் கைவிடச் செய்த நெருக்கடி அற்பமானதன்று. எனவே, பங்குக் கட்டணம் பற்றிய வாதம் நல்லோருக்கும் தீயோருக்கும் இடையிலான வாதமன்று என்பது தெளிவாகும்.

ஆயின், நல்ல நோக்கத்துடன் விதிக்கப்படும் கட்டணம் நல்ல விளைவையே தருமா? கட்டணம் ஒரு சல்லடை எனக் கூறப்படுகின்றது. தேவையற்ற பயன்பாட்டைத் தடுத்துத் தேவையானதைச் செல்லவிடும் சல்லடை என்பதே அதன் ஆதரவாளரின் எதிர்பார்ப்பு. இவ்வெதிர்பார்ப்பைச் சோதித்தறிய ஐக்கிய அமெரிக்காவில் றான்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஒரு பெரும் பரிசோதனையை நடத்தியது. ஜோசப் நியூஹவுஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையில் நிகழ்ந்த இப்பரிசோதனையில் ஆறு இடங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,750 குடும்பங்கள் பங்குபற்றின. அவை வெவ்வேறு காப்புறுதித் திட்டங்களில் எழுமாற்றாகச் சேர்க்கப்பட்டன. சிலருக்கு மருத்துவம் முற்றிலும் இலவசம். ஏனையோர் செலவில் 25, 50 அல்லது 95 சதவீதத்தை, ஆண்டுக்கான ஓர் உச்ச எல்லை வரை, தாமே செலுத்த வேண்டியிருந்தது.

இப்பரிசோதனையின் முடிவுகள் இரு தரப்பினருக்கும் சிந்தனைக்குரியனவாகும். 95 சதவீதம் செலுத்திய குழுவினரின் மருத்துவச் செலவு, இலவசக் குழுவினரின் செலவிலும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே, கட்டணம் பயன்பாட்டைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு குறைந்தமையால் சராசரி மனிதரின் உடல்நலம் பெரிதும் கெடவில்லை என்பதும் உண்மையே. ஆனால் சராசரி மனிதர் என்பவர் புள்ளிவிபரத்தில் மாத்திரமே வாழ்பவர். வருமானங் குறைந்தோருள் உயர் குருதியமுக்கம் உடையவர்களை நோக்கும்போது, இலவச மருத்துவம் பெற்றோரின் குருதியமுக்கம் கட்டணஞ் செலுத்தியோரிலும் குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அவ்வேறுபாடு, ஆபத்து மிகுந்தோரிடையே ஆண்டொன்றில் இறக்கும் வாய்ப்பைப் பத்திலொரு பங்களவு குறைக்கப் போதுமானது என ஆய்வாளர் கணித்தனர். ஏழ்மையும் நோயும் ஒருங்கே வாய்த்தவரிடத்திலேயே கட்டணத்தின் சுமை தங்கிற்று என்பது இதனாற் புலனாகும்.

இதனினும் முக்கியமானது, சல்லடை எதனைத் தடுத்தது என்பதாகும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பயன்பாடு இதற்குச் சிறந்த உரைகல். பற்றீரியாக்களால் ஏற்படும் நோய்களை அவை தீர்க்கும்; வைரசுக்களால் ஏற்படும் தடிமன் போன்றவற்றுக்கு அவற்றாற் பயனில்லை. இலவசக் குழுவினர், கட்டணஞ் செலுத்தியோரிலும் 85 சதவீதம் கூடுதலாக இம்மருந்துகளைப் பயன்படுத்தினர். கட்டணம் உண்மையான சல்லடையாக இருந்திருப்பின், வைரசு நோய்களுக்கான வீண் பயன்பாடே பெரிதுங் குறைந்திருத்தல் வேண்டும். ஆனால் தகுந்த பயன்பாடும் தகாத பயன்பாடும் ஒத்த அளவிலேயே குறைந்தன. நெல்லையும் பதரையும் பிரிக்க எடுத்த சுளகு இரண்டையும் ஒருங்கே கொட்டிவிட்டது எனலாம்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு நிலைமையைக் கற்பனை செய்து நோக்கலாம். நாட்கூலிக்கு உழைக்கும் ஒரு தாய்க்கு முழங்கால் வலியும் உண்டு, உயர் குருதியமுக்கமும் உண்டு. வைத்தியர் இரண்டுக்கும் மருந்தெழுதிக் கொடுக்கின்றார். அவர் கையிலுள்ள பணமோ ஒரு மருந்துக்கே போதும். அவர் எதனை வாங்குவார்? முழங்கால் வலித்தால் மறுநாள் வேலைக்குச் செல்ல முடியாது, வேலையின்றேல் அடுப்பெரியாது. குருதியமுக்கமோ இன்று அவரை ஒன்றுஞ் செய்யவில்லை. எனவே வலிக்கான குளிசையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றார். அவரது நிலையில் அது முற்றிலும் அறிவுபூர்வமான முடிவே. ஆயினும், ஐந்தாண்டுகளின் பின்னர் அவரைப் பாரிசவாதத்தில் வீழ்த்தக்கூடியது அவர் வாங்காது விட்ட மருந்து தடுத்திருக்கக்கூடிய நோயே.

இங்குதான் பங்குக் கட்டணக் கோட்பாட்டின் அடிப்படைக் குறை வெளிப்படுகின்றது. நுகர்வோர் தமக்கு எது எவ்வளவு தேவை என்பதைத் தாமே அறிவர் என்பது சந்தை பற்றிய பொருளியலின் எடுகோள். அரிசியைப் பொறுத்தவரை அஃது உண்மையாகலாம். பசி பொய் சொல்வதில்லை. ஆனால் நோயாளர் உணர்வது வலியை. மருந்து தடுக்க முனைவதோ ஆபத்தை. வலியும் ஆபத்தும் எப்பொழுதும் ஒன்றாக வருவனவல்ல. உயர் குருதியமுக்கம், நீரிழிவின் தொடக்கநிலை, குருதியிற் கொழுப்பு மிகுதல் முதலியன ஓசையின்றி உடலை அரிப்பன. இவற்றுக்கான மருந்து வேலை செய்கின்றது என்பதற்கு அடையாளமே, ஒன்றும் நிகழாதிருத்தல்தான். ஒன்றும் நிகழாதிருப்பதற்காக மாதந்தோறும் பணங் கொடுக்க வேண்டிவரின், கைப்பணம் குறைந்த வேளையில் முதலில் கைவிடப்படுவது அதுவாகவே இருக்கும். கட்டணம் நோயாளரின் உணர்வோடு பேசுகின்றதேயன்றி அவரது தேவையோடு பேசுவதில்லை.

மேலும், வைத்தியரின் மருந்துச் சீட்டின்றிப் பெற முடியாத மருந்துகளைத் தெரிவு செய்பவர் நோயாளரல்லர். தேவை, அளவு, காலம் ஆகிய மூன்றையும் வைத்தியரே தீர்மானிக்கின்றார். பல ஆண்டுகள் பயின்ற வைத்தியர் தேவையெனக் கண்ட ஒன்றை, மருத்துவம் பயிலாத நோயாளர் தமது பணப்பையைப் பார்த்து மறுபரிசீலனை செய்தல் வேண்டும் என்பதே பங்குக் கட்டணத்தின் உட்பொருள். வைத்தியர் தேவையற்ற மருந்தை எழுதியிருப்பின், அத்தவற்றுக்கான தண்டத்தை நோயாளரிடம் அறவிடுதல் எவ்வகை நியாயம்? வைத்தியர் தேவையான மருந்தையே எழுதியிருப்பின், அதனை வாங்கத் தயங்கச் செய்வதாற் பெறும் நன்மை யாது? இவ்விரு வினாக்களுக்கும் தகுந்த விடை கூறுதல் எளிதன்று.

நீதி பற்றிய இவ்வையங்கள் ஒருபுறமிருக்க, குறைந்தபட்சம் பணமேனும் மிஞ்சுமா என்பதை நோக்குதல் வேண்டும். இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்ப்சயர் மாநிலத்தின் அனுபவம் எச்சரிக்கையாக அமைகின்றது. வறியோருக்கான அரசாங்க மருத்துவத் திட்டத்தின்கீழ் மாதமொன்றுக்கு மூன்று மருந்துச் சீட்டுகளுக்கு மாத்திரமே பணஞ் செலுத்தப்படும் என அம்மாநிலம் 1981இல் விதித்தது. இது பங்குக் கட்டணமன்று. அதனினும் கடுமையான வரம்பு. நான்காவது மருந்தின் முழு விலையும் நோயாளரின் தலையில் விழுந்தது. பதினொரு மாதங்களின் பின்னர் அவ்வரம்பு நீக்கப்பட்டு, மருந்து ஒன்றுக்கு ஒரு டொலர் கட்டணம் விதிக்கப்பட்டபோது பயன்பாடு பெரும்பாலும் பழைய நிலையை எய்திற்று. கட்டணத்தின் அளவும் வடிவமும் விளைவை மாற்றும் என்பதை ஆதரவாளர் இதிலிருந்து எடுத்துக்காட்டுவர், அஃது ஏற்கத்தக்கதே.

ஆனால் அப்பதினொரு மாதங்களில் நிகழ்ந்தவை திரும்பப் பெற முடியாதவை. பல மருந்துகளில் தங்கியிருந்த முதியோர் பராமரிப்பு இல்லங்களிற் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வரம்பு நீக்கப்பட்ட பின்னரும் அவ்வாறு சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் தமது வீடுகளுக்குத் திரும்பவில்லை. மனச்சிதைவு நோயுற்றோரிடையே அவசர மனநலச் சிகிச்சைக்கான தேவை கூடிற்று; அதற்கான மேலதிகச் செலவு, மருந்தில் மிச்சம் பிடித்த தொகையைப் போல் 17 மடங்கு என 1994இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்துக் கணக்கேட்டில் எழுதப்பட்ட இலாபம் வைத்தியசாலைக் கணக்கேட்டில் நட்டமாகப் பதிவாயிற்று. இரண்டு ஏடுகளையும் ஒருவரே பார்வையிடாதவரை அது சிக்கனமாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

சாதாரண பங்குக் கட்டணத்தின் விளைவைக் கனடாவின் கியூபெக் மாகாணத்திற் காணலாம். அங்கு 1996இலும் 1997இலும் மருந்துக் காப்புறுதி மாற்றியமைக்கப்பட்டு, முன்னர் மருந்தை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திற்கோ பெற்றுவந்த முதியோரும் சமூக உதவி பெறுவோரும் விலையில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டியவராயினர். இன்றியமையா மருந்துகளின் பயன்பாடு முதியோரிடையே ஏறத்தாழ 9 சதவீதத்தாலும் சமூக உதவி பெறுவோரிடையே ஏறத்தாழ 14 சதவீதத்தாலும் வீழ்ந்தது. அத்துணை இன்றியமையாதனவல்லா மருந்துகள் இதனிலும் கூடுதலாக, முறையே 15, 22 சதவீதங்களால் வீழ்ந்தன. சல்லடை ஓரளவு வேலை செய்தது என்றே கூறலாம். ஆனால் இன்றியமையாதனவும் அதனூடாக வெளியே சிந்தின. அதன் விளைவாக, வைத்தியசாலை அனுமதி, மரணம் முதலான பாரதூரமான நிகழ்வுகள் இவ்விரு பிரிவினரிடையேயும் ஏறத்தாழ இரு மடங்காயின என 2001இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

எனினும், இலவசமாக வழங்கினால் யாவும் நலமாகும் என அவசரப்பட்டு முடிவு செய்தலும் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 5,855 பேரை உள்ளடக்கி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சாராருக்குத் தடுப்பு மருந்துகள் முற்றிலும் இலவசமாக வழங்கப்பட்டன. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல் நான்கு முதல் ஆறு சதவீதப் புள்ளிகள் வரை மாத்திரமே உயர்ந்தது. மறதி, சலிப்பு, பக்கவிளைவுகள் பற்றிய அச்சம், ‘இப்பொழுது சுகமாகத்தானே இருக்கின்றேன்’ என்ற எண்ணம் ஆகியவற்றை விலை நீக்கம் தீர்ப்பதில்லை. விலை ஒரு வாயில் மாத்திரமே. வாயிலைத் திறந்துவிடுவதால் அனைவரும் உள்ளே வந்துவிடுவதில்லை. ஆயினும் அதனை மூடிவைத்துக்கொண்டு உள்ளே வராதோரைக் குறை கூறுதல் பொருந்தாது. அவ்வாய்வில் மொத்தச் செலவு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. நாடி, நாள நோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கையும் குறைந்தது. இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இலவச மருந்துக்கான அறம் அஃது எப்பொழுதும் பணத்தை மிச்சப்படுத்தும் என்பதிலே தங்கியிருப்பின், மிச்சப்படாத நாளில் அவ்வறமும் அழிந்துவிடும். நோயாளரின் உயிர் சிக்கனத்தின் கருவியன்று என்பதே அடிப்படை.

கட்டணத்தை வைத்துக்கொண்டே வறியோரையும் நாட்பட்ட நோயாளரையும் விலக்களித்துக் காப்பாற்றலாமே என்னும் இடைவழி ஒன்று இந்நிலையில் முன்வைக்கப்படுவதுண்டு. பிரித்தானியா 1968இல் தெரிந்தெடுத்த வழியும் அதுவே. சிறுவர், முதியோர், கருவுற்ற தாய்மார் ஆகியோருடன், குறித்த சில நாட்பட்ட நோயுடையோருக்கும் விலக்களிக்கப்பட்டது. ஆனால் எந்நோய் பட்டியலுட் சேரும், எந்நோய் சேராது என்பதே புதிய அநீதிக்கு வித்திட்டது. மருந்தெடுக்கும் நீரிழிவு நோயாளர் பட்டியலினுள்ளே. வாழ்நாள் முழுவதும் மருந்தில் தங்கியிருக்கும் ஆஸ்த்மா நோயாளர் வெளியே. இங்கிலாந்தில் புற்றுநோய் அப்பட்டியலுட் சேர்வதற்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் கட்டணத்தையே நீக்கிவிட்டன. இங்கிலாந்திலோ அது தொடர்ந்து, 2024 மே மாதத்தில் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுணாக உயர்ந்தது. அங்கு வழங்கப்படும் மருந்துகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது விலக்குகளின் காரணமாக இலவசமாகவே செல்கின்றன. பெரும்பாலோர் செலுத்தாத ஒரு கட்டணத்தால் நிகழ்வது, செலுத்துவோருள் வறுமைக் கோட்டை மயிரிழையில் தாண்டிய சிலர் நசுங்குவதேயாகும். விலக்குக் கோருவோர் தமது வறுமையைச் சான்றிதழாற் காட்ட வேண்டிய நிலையும் சிறிதன்று. பசித்தவரிடம் பசிக்குச் சாட்சி கேட்கும் முறை, உதவியோடு தாழ்வுணர்வையும் சேர்த்தே வழங்குகின்றது.

பிற நாடுகளின் இவ்வனுபவம் இலங்கைக்குப் புறம்பானதன்று. இலவச மருத்துவத்தைத் தனது சமூகக் கொள்கையின் தூண்களுள் ஒன்றாகக் கொண்ட இந்நாட்டிலும் 1971இல் அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. 1977இல் அது நீக்கப்பட்டது. 25 சதம் அற்பத் தொகை என்று தோன்றலாம். ஆனால் நோயாளரின் கணக்கு அத்தொகையோடு நின்றுவிடுவதன்று. பஸ் கட்டணம், வரிசையிற் காத்திருந்து இழந்த அரைநாட் கூலி, உடன் வந்தவரின் உணவு ஆகிய யாவும் ஏற்கெனவே செலுத்தப்பட்ட கட்டணங்களே. நிரம்பிய குடத்தில் விழும் கடைசித் துளியைச் சிறிதென்று அளப்பவர் குடத்தைப் பார்ப்பதில்லை.

அதே 1971இல் இந்நாட்டிலே எதிர்த் திசையிலான முயற்சியொன்றும் தொடங்கியது என்பது சுவையான முரணாகும். பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயர்களை விடுத்து மருந்துகளின் பொதுப் பெயர்களில், கேள்விப்பத்திர முறையில் மொத்தமாகக் கொள்வனவு செய்து விலையைக் குறைக்க முற்பட்டது. செலவைக் குறைத்தல் என்னும் அதே இலக்கை நோக்கி இரு பாதைகள் அவ்வாண்டிலே திறந்தன. ஒன்று வெளிநோயாளர் பிரிவின் வாயிலில் நின்ற நோயாளரின் கையை நோக்கிச் சென்றது; மற்றையது மருந்தை விற்கும் உலக நிறுவனங்களின் விலைப்பட்டியலை நோக்கிச் சென்றது. முதலாவது, பேரம் பேசும் வலிமை அறவே இல்லாதவரிடம் சிக்கனத்தைக் கேட்டது. இரண்டாவது, நாடு முழுவதன் வலிமையையும் ஒன்றுதிரட்டிப் பேரம் பேசிற்று. எது அறத்திற்கு அண்மையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெயரில்லாத மற்றொரு பங்குக் கட்டணமும் உண்டு. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு முற்றியபோது, அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தில்லாமையால் தனியார் மருந்தகங்களில் வாங்குமாறு நோயாளர் பலர் அனுப்பப்பட்டனர். சட்டப்படி அவர்களது சிகிச்சை இலவசமே. ஆனால் இல்லாத மருந்துக்கு அவர்கள் செலுத்திய பங்கு நூற்றுக்கு நூறு. சட்டத்தினால் விதிக்கப்பட்ட கட்டணத்துக்கு ஓர் அளவுண்டு, விலக்குண்டு. பாராளுமன்றத்தில் அதுபற்றி வினவலாம். வெறுமையான இறாக்கையால் விதிக்கப்படும் கட்டணத்துக்கு இவை எவையுமில்லை. ஆகவே, மருந்து இலவசம் என எழுதிவைத்தல் மாத்திரம் போதாது. கட்டணத்தை எதிர்ப்போர், மருந்து கிடைப்பதை உறுதிசெய்யும் நிதிக்கான வழியையும் கூறக் கடமைப்பட்டவராவர். வரி செலுத்த மறுத்துக்கொண்டு இலவசத்தைக் கோருதலும் ஒருவகைப் பொறுப்பின்மையே.

பொறுப்பு என்னும் சொல்லே இவ்வாதத்தின் மையம். பொறுப்பு, அறிவையும் அதிகாரத்தையும் பின்தொடர்தல் வேண்டும். எவரிடம் தெரிவு செய்யும் அறிவும் மாற்றும் வலிமையும் உள்ளனவோ அவரிடமே பொறுப்பைச் சுமத்துதல் நீதி. எம்மருந்தை எழுதுவது என்பதில் வைத்தியருக்கும், எவ்விலைக்கு வாங்குவது என்பதில் அரசுக்கும், எவ்விலைக்கு விற்பது என்பதில் உற்பத்தியாளருக்கும் அறிவும் அதிகாரமும் உள்ளன. நோயாளரிடமோ இவை மிகக் குறைந்த அளவிலேயே உள்ளன. பங்குக் கட்டணம் இவ்வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் முதலிற் கைநீட்டுகின்றது.

நோயாளரிடம் உண்மையான தெரிவு உள்ள இடமும் இல்லாமலில்லை. ஒரே பயனைத் தரும் இரு மருந்துகளுள் மலிவானதை முற்றிலும் இலவசமாக வழங்கி, விலை கூடிய வணிகப் பெயரையே விரும்புவோரிடம் மேலதிக விலையை மாத்திரம் அறவிடுதல் அத்தகையது. யேர்மனி 1989இல் இத்தகைய ஒப்பீட்டு விலை முறையை ஏற்படுத்தியது; கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 1995 முதல் அதனைப் பின்பற்றிற்று. இங்கு கட்டணம் நோயாளரிடம் ‘மருந்தை உட்கொள்ளாதே’ எனக் கூறுவதில்லை. ‘இதையே பயன் குறையாது மலிவாகப் பெறலாம்’ எனக் கூறுகின்றது. மருத்துவக் காரணத்தால் விலை கூடிய மருந்தே வேண்டியவருக்கு வைத்தியரின் சொல்லின் பேரில் விலக்களிக்கலாம். முதலாவது கட்டணம் தேவையைத் தண்டிக்கின்றது. இரண்டாவது விருப்பத்திற்கு விலை கேட்கின்றது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதாலேயே வாதம் பெரிதுங் குழம்புகின்றது.

பொதுப் பணத்தின் மீதான அக்கறையை இதனால் எவரும் இழந்துவிட வேண்டியதில்லை. தேவையற்ற மருந்து எழுதப்படாதிருக்க வழிகாட்டு நெறிகள் உண்டு; கூட்டுக் கொள்வனவு உண்டு; பொதுப் பெயர் மருந்துகள் உண்டு; அலுமாரியிற் காலாவதியாகும் குளிசைகளைக் குறைக்க, முதன்முறை எழுதும் மருந்தைச் சிறிய அளவில் வழங்கலாம். இவை யாவும் கடினமானவை. பலம் வாய்ந்தோரின் எதிர்ப்பைச் சம்பாதிப்பவை. நோயாளரிடம் கட்டணம் அறவிடுதல் இவற்றினும் எளிது. எளிதாக இருப்பதற்குக் காரணம், நோயுற்றவர் எதிர்த்து நிற்கும் வலிமையற்றவராக இருப்பதேயாம். ஒரு வழி எளிதாயிருப்பதன் காரணம் மற்றொருவரின் பலவீனமாயின், அவ்வழியை ஐயத்தோடு நோக்குதல் ஒழுக்கவியலின் முதற் பாடமாகும்.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்த வள்ளுவர், நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர் என அவற்றை நிரற்படுத்தினார். அந்நான்கனுள் பணப்பைக்கு இடமில்லை. இக்கால மருத்துவத்தில் பணம் தவிர்க்கவியலா ஐந்தாங் கூறாயிற்று என்பது மெய்யே. ஆயினும் அதனை ஏந்தி நிற்க வேண்டியவர் யார் என்று கேட்பின், அந்நான்காமவரே என விடையிறுக்கலாம். அக்காலத்தில் உடனிருந்து மருந்தரைத்துக் கொடுத்தவர் உறவினர். இக்காலத்தில் அவ்விடத்தில் நிற்பது வரி செலுத்தும் சமூகம் முழுவதும். நோயாளரின் பக்கத்தில் நிற்பவரின் கடமை அவரது கையில் மருந்தைக் கொடுப்பதேயன்றி, அதற்கு முன்னர் அவரது கையிலுள்ளதை எண்ணிப் பார்ப்பதன்று.